மறு: இறைச்சியில் தசைக்குள் ஓடும் கொழுப்புக்கு (marbling) என்ன சொல்?

> "பளிங்குத்தன்மை" என்றே வைத்துவிடலாமே? மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. பளிங்கு என்றதும் நமக்குத் தோன்றுவது தெளிவும் வழவழப்பும்தான். "ஹார்மோன் கொடுத்த செம்மறிக் குட்டிகளின் இறைச்சியில் பளிங்குத்தன்மை குறைந்தது" என்று படிப்பவருக்கு, பேச்சு கொழுப்பைப் பற்றியது என்றே தெரியாது.

நம் குழுவில் ஓர் அம்மா முன்வைத்த "தசையிடைக் கொழுப்பு" வேறொரு பொருள். அது ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் நடுவே படிவது. நாம் தேடுவது ஒரே தசைக்குள், நார்க்கற்றைகளின் ஊடே, வெட்டிய பரப்பில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதை. "கொழுப்பு வரி" என்றால் அரசு போடும் வரியாகிவிடும். "கொழுப்பிழை" நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தசையிழை பக்கத்திலேயே வருமே.

என் பரிந்துரை: கொழுப்புக்கீற்று.

செம்மறிக் குட்டிக்கு இது இன்னும் பொருந்துகிறது. அமெரிக்கத் தரமதிப்பீட்டில் வழக்கமாகக் குட்டியின் விலாவைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதில்லை. விலாப்புறச் சதையின் உட்பக்கத்தில் ஓடும் மெல்லிய கொழுப்புக் கோடுகளைப் பார்த்தே தரம் சொல்கிறார்கள். அதை "விலாப்புறக் கீற்று" எனலாம். அளவைச் சொல்ல "கீற்றுச் செறிவு".

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "விதையடித்த கிடாக்களைவிட விதையடிக்காதவை வேகமாக வளர்கின்றன, அவற்றில் கொழுப்பு குறைவு, கொழுப்புக்கீற்றும் குறைவு." இது உடலே சுரக்கும் ஹார்மோனின் வேலை. வளர்ச்சியைக் கூட்டக் காதின் தோலுக்கடியில் வைக்கும் 12 மி.கி. செரனால் (ஈஸ்ட்ரோஜன் போல வேலைசெய்யும் மருந்து) குளிகையைப் பற்றி எழுதும்போதும் இதே சொல் உதவும்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். ஆய்வகத்தில் பிரித்தெடுத்து எடைபோடுவது "தசையுள் கொழுப்பு". கண்ணால் பார்த்து மதிப்பிடுவது கீற்று. கொழுப்பு அப்படியே இருந்து தசை மட்டும் பெருத்தாலும் கொழுப்பின் விழுக்காடு இறங்கும். அதைக் "கொழுப்பு கரைந்தது" என்று எழுதினால் தவறு.

அப்புறம், இறைச்சி கடினமாவதற்கெல்லாம் கீற்றுக் குறைவையே காரணமாக்கவும் கூடாது. கிளென்புட்டரால், சிமட்டரால் ஆகிய மருந்துகளைக் கொடுத்த குட்டிகளின் இறைச்சி கடினமாவதற்கு முக்கியக் காரணம் தசையில் கால்பாஸ்டாட்டின் என்ற புரதம் கூடுவது. வெட்டியபின் தசைப் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்கும் கால்பைன் நொதியை அது தடுக்கிறது. இந்த இரண்டு மருந்துகளும் ஹார்மோன்களே அல்ல, அட்ரினலின் போய்ச் சேரும் பீட்டா ஏற்பிகளைத் தூண்டுபவை. நம் கலைச்சொல் பட்டியலில் இவை "வளர்ச்சி ஹார்மோன்கள்" என்ற தலைப்பின்கீழ் கிடக்கின்றன. "வளரூக்கிகள்" என்று மாற்றிவிடலாமா?