ஷோரூம் பாட்டு மறைத்ததை வேறொரு இசை காட்டிக்கொடுத்த தருணம்: அனுபவப் பகிர்வு

பூவரசங்கட்டை

ஒரு ஸ்பீக்கரைச் சோதித்தபோது கேட்ட அந்த ஒரு கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) இன்னும் காதை விட்டுப் போகவில்லை. செட்டப் எல்லோரும் அறிந்த ரகம்: 5 அங்குல வூஃபர் (கீழ், நடு ஒலிக்கு), 1 அங்குல டோம் ட்வீட்டர் (மேல் ஒலிக்கு) என இரண்டே பாகம் கொண்ட, ஸ்டாண்டில் வைக்கும் டூ-வே, தரமான இன்டகிரேட்டட் ஆம்ப். வழக்கமான பெண் குரலும் கிதாரும் போட்டபோது குரல் நடுவில் அசையாமல் நின்றது, நகம் கம்பியில் பட்டது வரை தெரிந்தது. அதே வால்யூமில் நாதஸ்வரம், தவில். மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட கார்வை. தவிலின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) கம்பு ஓங்கி விழுந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கார்வை கரகரத்தது. அடி ஓய்ந்ததும் மறுபடி சுத்தம். அடுத்த அடி, மறுபடி கரகரப்பு.

வூஃபரின் ஒரே கோன் இரண்டு வேலையும் செய்வதுதான் காரணம். கார்வை 600 ஹெர்ட்ஸ், தொப்பி அடி 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோன் 100 ஹெர்ட்ஸுக்காக முன்னும் பின்னும் நெடுந்தூரம் ஓடும்போது வாய்ஸ் காயில் (கோனை ஓட்டும் கம்பிச்சுருள்) காந்தப் புலத்தின் ஓரத்துக்குப் போகிறது, பிடி குறைகிறது. பதிவில் இல்லாத 500, 700 ஹெர்ட்ஸ் ஒலிகள் பிறக்கின்றன. இதுதான் இன்டர்மாடுலேஷன். ஷோரூம் பாட்டில் நீண்ட ஸ்வரத்தின் மேல் கனமான அடி விழுவதே கிடையாது, அதனால் இந்தக் குறை வெளியே வர வழியில்லை. நடு ஒலிக்குத் தனி டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள த்ரீ-வேயில் இதே பதிவைப் போட்டால் கார்வை கோடு போட்ட மாதிரி நிற்கிறது.

இப்படி வேறு எந்த இசை எந்தக் குறையைப் பிடித்துக் கொடுத்தது? எழுதுங்கள்.

நாலுதந்தி

தம்பூரா. பாட்டு தொடங்கும் முன் வருகிற அரை நிமிடம் போதும்.

மறக்க முடியாதது இது: தந்தியின் உடல் ஒரு இடத்திலிருந்தும், ஜீவாவின் (குதிரை மேல் வைக்கும் நூல் தரும்) மினுமினுப்பு அதற்கு ஒரு சாண் மேலே ட்வீட்டரிலிருந்தும் தனித்தனியாக வந்தது. ஒரு வாத்தியம் இரண்டாகப் பிளந்து கேட்டது. அதே ஸ்பீக்கரில் பியானோ ட்ரியோ குறையே இல்லாமல் ஒலித்தது.

தம்பூராவின் குதிரை தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. அதன் மேல் ஜீவா நூல். மீட்டும் இடத்தில் கணு (அசையாப் புள்ளி) உள்ள மேற்சுரம் எழக்கூடாது என்பது பொதுவான தந்திகளுக்கான விதி. தம்பூரா அதற்குக் கட்டுப்படுவதில்லை என்று சி.வி. ராமன் 1921இல் எழுதினார். எல்லா மேற்சுரங்களும் எழுகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக மலர்கின்றன. 1 கட்டைச் சுருதியில் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ். அதன் மேற்சுரங்கள் கிராஸ்ஓவரை (வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் இடம்) தாண்டி வெகுதூரம் போகின்றன. டிரைவர்களுக்கிடையே ஒட்டுப்போட்ட இடம் எங்கே இருந்தாலும் தம்பூரா அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

சோதிக்கும் முறை: 2.5 மீட்டர் தள்ளி, ட்வீட்டர் உயரத்தில் காது இருக்கும்படி உட்காருங்கள். மெதுவாக எழுந்து நில்லுங்கள். ஒலி கொஞ்சம் மங்குவது இயல்பு. நடுவில் ஒரு பட்டை அப்படியே காணாமல் போய், இன்னும் எழுந்ததும் திரும்பி வந்தால் கிராஸ்ஓவரில் இரண்டு டிரைவர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 13.7 செ.மீ.தான், இரண்டு டிரைவரிலிருந்தும் காதுக்கு வரும் தூரத்தில் 7 செ.மீ. வித்தியாசம் வந்தாலே ஒன்றையொன்று அழித்துவிடும்.

எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி ஓடும் பதிவை இதற்கு எடுக்காதீர்கள். சின்னத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், மலர்ச்சி இருக்காது.

ஐந்தாம்வரிசை

இரண்டு பேரும் எழுதியதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தனி வாத்தியத்தை வைத்து ஸ்பீக்கருக்கு மதிப்பெண் போடுவது சரியில்லை. ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: எந்த ஒலியைப் போட்டால் கேட்பவர்கள் குறைகளைச் சரியாகப் பிடிக்கிறார்கள்? முன்னால் வந்தவை பிங்க் நாய்ஸும் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சீரான இரைச்சல்), ட்ரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டும். பேச்சும் சின்னக் குழுக்களின் இசையும் பின்தங்கின. காரணம் எளிது. ஸ்பீக்கரின் ரெசனன்ஸ் (தானாக அதிர்ந்து வீங்கும் இடம்) 700 ஹெர்ட்ஸில் இருந்தால், 700ஐத் தொடாத வாத்தியம் அதை எழுப்பவே எழுப்பாது. கீழிருந்து மேல்வரை இடைவெளியில்லாமல் நிரம்பிய ஒலிதான் எதையும் தப்பவிடாது.

என் காதில் நிற்பது மழைச் சத்தம். தரையில் நிற்கும் ஒரு ஃப்ளோர்ஸ்டாண்டர் ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸ் போட்டபோது இடதில் மழையாகவும் வலதில் குழாய்க்குள் பெய்யும் மழையாகவும் கேட்டது. இசையில் எவருக்கும் அது தெரியவில்லை. ஒரு பக்கத்து மிட்ரேஞ்ச் டிரைவரின் திருகுகள் தளர்ந்திருந்தன.

எதைப் போட்டாலும் முதலில் அளவைச் சமன் செய்யுங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது, ‘தெளிவு அதிகம்’ என்று தோன்றும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது 1,000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து 0.1 டெசிபலுக்குள், அதாவது சுமார் 1 சதவீத வோல்டேஜ் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். மலிவு மீட்டர் 1,000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டலாம். சந்தேகமிருந்தால் 100 ஹெர்ட்ஸ் டோன் எடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட டோன் உதவாது, அறை அதைக் கெடுத்துவிடும். பிங்க் நாய்ஸ் போட்டு, உட்காரும் இடத்தில் மைக் வைத்து அளக்க வேண்டும். மொபைல் ஆப்பின் எண் உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே எண் வந்தால் போதும். மொபைல் ஒரே இடத்தில் ஸ்டாண்டில் இருக்கட்டும், கையில் பிடிக்காதீர்கள். பிறகு மாற்றி மாற்றிக் கேட்கும் துண்டு 20 விநாடிக்கு மேல் வேண்டாம். நுணுக்கமான ஒலி நினைவு நெடுநேரம் தாங்காது.

இதெல்லாம் செய்யாமல் நாதஸ்வரமா கிதாரா என்று விவாதிப்பதில் பயனில்லை.

எட்டுஓம்

பூவரசங்கட்டைக்கு ஒரு கேள்வி. அந்தக் கரகரப்பு ஸ்பீக்கருடையது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சந்தேகிக்க மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, பதிவு. நாதஸ்வர, தவில் பதிவுகளில் பலவும் லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டுத்தான் வருகின்றன. ஆனால் லிமிட்டர் செய்வது வேறு: அடி விழும்போது கார்வை அமுங்கும், பிறகு எழும்பும். கரகரக்காது. ஹெட்ஃபோனில் கேட்டால் உடனே தெரியும். அங்கேயும் அமுங்கினால் பதிவின் குற்றம்.

இரண்டாவது, ஆம்ப் கிளிப்பிங், அதாவது ஆம்ப் தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டுவது. 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 101 டெசிபல். 3 மீட்டர் தள்ளி, இரண்டு ஸ்பீக்கரையும் அறையின் உதவியையும் சேர்த்தாலும் 98ஐ ஒட்டித்தான் நிற்கும். சராசரி 85இல் கேட்டால் தவில் அடி அதற்கு மேல் 15 டெசிபல் எகிறுவது சாதாரணம். ஆம்ப் தட்டிவிடும். கிதார் பாட்டில் உச்சங்கள் அவ்வளவு எகிறாது, அதே ஆம்ப் தாங்கிவிடும்.

மூன்றாவதுதான் நீங்கள் சொன்ன இன்டர்மாடுலேஷன்.

பின்னிரண்டையும் பிரிக்க: வால்யூமை 2, 2 டெசிபலாகக் குறையுங்கள். கிளிப்பிங் ஒரு படியில் சட்டென்று நின்றுவிடும். இன்டர்மாடுலேஷன் படிப்படியாகத் தேயும்.

பூவரசங்கட்டை

நல்ல கேள்வி. ஹெட்ஃபோனில் கார்வை சுத்தம், அமுங்கலும் இல்லை. வால்யூமைக் குறைத்தபோது படிப்படியாகத்தான் தேய்ந்தது. அதே ஆம்பில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குத் திருப்பியதும் கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஒரே அளவு சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைக் குறைத்தாலே வூஃபர் நிம்மதியாகிறது.

மொசைக்தரை

மிருதங்கத்தில் குமுக்கி. தொப்பியை அடித்து மணிக்கட்டால் அழுத்தித் தேய்க்கும்போது ஸ்வரம் வழுக்கிக்கொண்டே ஏறுமே, அது. ஒரு வீட்டில் குமுக்கி ஏறி வந்து, ஒரு இடத்தில் மட்டும் ‘பும்’ என்று வீங்கி, அதைத் தாண்டியதும் திடீரென்று மெலிந்தது. வாசித்தவர் சீராகத்தான் தேய்த்திருக்கிறார். வீங்கியது அறை.

எலக்ட்ரிக் பேஸ் இருக்கும் பாட்டில் இது பிடிபடாது. அங்கே ஸ்வரங்கள் படி படியாக வரும். அறையின் மோடு (சுவர்களுக்கிடையே ஒலி நின்று வீங்கும் அதிர்வெண்) இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விழுந்தால் தப்பிவிடும். குமுக்கி இடைவெளியே விடாமல் வழுக்குகிறது.

நம் ஊர் ஃபிளாட்டுகளில் இது மோசம். சுவரும் கூரையும் கான்கிரீட், தரை டைல்ஸ், பேஸ் வெளியே கசிய வழியே இல்லை. ஒலியின் வேகமான 343ஐ, மீட்டரில் அளந்த அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் மோடு. 12 அடிச் சுவருக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. அவற்றின் இரட்டிப்பு 94, 112. தொப்பி உலவும் இடத்துக்குப் பக்கத்திலேயே இவை உட்கார்ந்திருக்கின்றன. 10க்கு 10 சதுர அறையானால் இரண்டு திசை மோடும் ஒரே எண்ணில் விழுந்து வீக்கம் கூடும்.

ஸ்பீக்கர் மாற்றும் முன் செய்ய வேண்டியவை. நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருந்தால் முதலில் அதை முன்னே நகர்த்துங்கள். சுவர் ஓரம்தான் எல்லா மோடுகளும் உச்சத்தில் இருக்கும் இடம். அறையின் சரிபாதியிலும் உட்காராதீர்கள், அங்கே முதல் மோடு முற்றிலும் செத்துவிடும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பின்சுவரிலிருந்து அளந்து, நல்ல தொடக்கம். ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து அரை அடி அரை அடியாக வெளியே இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் அதே குமுக்கியைக் கேளுங்கள். மூலையில் வைக்கும் பொருள் தடிமனாக இருக்க வேண்டும். 2 அங்குல ஃபோம் ஒட்டுவதால் 94 ஹெர்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாது, மேல் ஒலி மட்டும் செத்து அறை மந்தமாகும். 4 முதல் 6 அங்குல ராக்வூல், சுவரிலிருந்து அதே அளவு இடைவெளி விட்டு வைத்தால் பலன் தெரிய ஆரம்பிக்கும். பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள், காசு செலவில்லாமல் திசை தெரியும்.

ஒற்றைநரம்பு

ஐந்தாம்வரிசை சொன்ன ஆய்வை மதிக்கிறேன். அது தேடியது முக்கியமாக அலைவரிசைச் சமநிலையின் குறைகளை. இன்டர்மாடுலேஷனுக்கு இரைச்சல் நல்ல கருவி இல்லை; அடர்ந்த ஒலி கரகரப்பை மூடிவிடும். அதோடு பிபிசி பொறியாளர்கள் 1970களில் ஒலிபரப்பு வண்டிக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தபோது பேச்சு இயல்பாக வருகிறதா என்று கேட்டுத்தான் செதுக்கினார்கள். பேச்சைத் தள்ளிவிட முடியாது.

மோர்சிங் கேட்டுப் பாருங்கள். நாக்கு உலோகத்தின் அடிப்படை ஸ்வரம் மாறாது. வாயின் வடிவம் மாறும்போது மேற்சுரங்களில் ஒன்று மாற்றி ஒன்று மேலெழும். தனி ஆவர்த்தனத்தில் அந்த மேடு கீழிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கியபோது, ஒரு ஸ்பீக்கரில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பள்ளம் விழுந்தது. ட்வீட்டர் வயரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்ததும் பள்ளம் அடைபட்டது. தொழிற்சாலையிலேயே போலாரிட்டி தவறிய பெட்டி அது.

எட்டுஓம்

வீணை பற்றி ஓர் எச்சரிக்கை. குடத்தில் ஒட்டும் பிக்கப்பில் எடுத்த பதிவு நிறைய இருக்கிறது. மீட்டுச் சத்தம் கூர்மையாக வரும், குடத்தின் காற்று வராது. அதை வைத்து ‘ஸ்பீக்கர் வறட்சி’ என்று விமர்சனம் எழுதினால் ஸ்பீக்கருக்கு அநியாயம். ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் ‘குழப்ப வட்டம்’ என்று சொன்னது இதைத்தான்: பதிவு எந்த ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸ் ஆனது என்று தெரியாமல், அதை வைத்து இன்னொரு ஸ்பீக்கரை எடை போடுகிறோம். கச்சேரிப் பதிவு எடுத்தால் சபாவின் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததா, மேடை மைக்கிலிருந்து நேரே வந்ததா என்று பாருங்கள். மிருதங்கத்தின் ‘சாப்பு’க்குப் பின்னால் அரங்கின் எதிரொலி இரண்டாவது முறை கேட்டால் ஒலிபெருக்கியும் கலந்திருக்கிறது.

கைத்தட்டல்

ஸ்ட்ரீமிங்கில் டெமோ கேட்பவர்களுக்கு: கச்சேரி முடிவில் வரும் கைத்தட்டலை வெட்டாமல் ஓடவிடுங்கள். தனித்தனிக் கைகளாக, வெவ்வேறு தூரத்தில் கேட்க வேண்டும். எண்ணெயில் பொரிவது போல ஒரே சீறலாகக் கேட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் ப்ளூடூத்தை விட்டு வயருக்கு மாறுங்கள், ஆப்பில் ஆடியோ தரத்தை உச்சத்துக்கு ஏற்றுங்கள், அதே கைத்தட்டலை சிடியிலும் கேளுங்கள். குறைந்த பிட்ரேட் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) முதலில் சொதப்புவது கைத்தட்டலில்தான். வால்யூம் நார்மலைசேஷனை (பாட்டுகளின் சத்தத்தை ஆப்பே சமமாக்குவது) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாம்வரிசை சொன்ன சமன் செய்தல் முழுக்க வீண்.

நாலுதந்தி

ஒற்றைநரம்பு, ட்வீட்டர் வயரை மாற்றும் முன் எல்லோரும் ஒன்று கவனிக்கவும். செகண்ட் ஆர்டர் கிராஸ்ஓவர்களில் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைப்பது வழக்கம். அங்கே மாற்றினால் இல்லாத பள்ளம் வந்துவிடும். முதலில் வயரை மாற்றாமல் மோர்சிங்கைக் கேளுங்கள், பிறகு ஒரு பெட்டியில் மட்டும் மாற்றி மோனோவில் இடம் வலம் ஒப்பிடுங்கள்.