ஒழுங்கைக்குள்ளே நீட்டு லென்ஸ்: வீட்டுக்காரர் சந்தேகப்பட்டால் என்ன செய்யலாம்?

கொண்டைக்குருவி (கேள்வி)

திருகோணமலையில் பாலையூற்று, லிங்கநகர், உவர்மலைப் பக்கம் வளவுகளுக்கு வருகிற குருவிகளைப் படமெடுக்க வேணும். 150–600 மில்லிமீற்றர் லென்ஸ், கிராப் சென்சர் (சின்னச் சென்சர்) கமரா. காலை 6.15 தொடக்கம் 7.30 மட்டும்தான் போகலாம். ஆனால் மதிலுக்கு மேலே லென்ஸைத் தூக்கினாலே "ஆரைப் படமெடுக்கிறீர்?" என்று யாராவது வந்து நிற்கினம். மாரியோட ஆறுமணிக்குருவியும் (இந்தியன் பிட்டா) வந்திட்டுது. சனத்தோட பிரச்சினைப்படாமல் எடுக்க என்ன வழி? கையில் கடிதம் ஏதும் வைத்திருக்க வேணுமா? மரநிழல் இருட்டுக்கு என்ன செட்டிங்?

புலுனி

தம்பி, நீங்கள் போகிற நேரம்தான் முதல் பிரச்சினை. ஆறேகாலில் இருந்து ஏழு மணி மட்டும் கிணற்றடியில் குளிக்கிற நேரம். தகரவேலிக்கு அங்கால பொம்பிளைப் பிள்ளையள் நிற்க, இங்கால ஒருத்தர் முழ நீளக் குழாயைத் தூக்கினால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அவையில பிழை சொல்ல ஏலாது. அந்த முக்கால் மணித்தியாலத்தைக் கடற்கரையிலோ கோயில் வீதியிலோ கழியுங்கோ. ஒழுங்கைக்குள்ளே 7.30க்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் போங்கோ. இல்லாட்டி பின்னேரம் 4.30க்கு மேல். மாரியில் முகில் மூடின நாளில் ஒன்பது மணி வெளிச்சமும் மென்மையாகத்தான் இருக்கும், பெரிய நட்டமில்லை.

முதல் மூன்று நாளும் கமரா கொண்டு போகாதேங்கோ. சும்மா நடந்து, மூலைக்கடையில் தேத்தண்ணி குடித்து, எந்த மரத்துக்கு எது வருகுது என்று மட்டும் பாருங்கோ. நாலாம் நாள் படலையடியில் நின்று கூப்பிட்டு, "அக்கா, உங்கட மாமரத்தடிக்கு ஆறுமணிக்குருவி வருகுது, றோட்டில நின்று எடுக்கட்டே?" என்று கேளுங்கோ. "குருவி எடுக்கிறன்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. அந்தக் குருவியின்ர சத்தத்தை விடியவும் பொழுதுபடவும் அவையே கேட்டிருப்பினம், பேரைச் சொன்னவுடன் முகம் மாறும். வீட்டில் பெண்கள் மட்டும் நின்றால், உள்ளே வரச் சொன்னாலும் படலைக்கு வெளியிலேயே நில்லுங்கோ.

இன்னொன்று, குருவிக்குப் பின்னால் என்ன இருக்குது என்று பார்த்து நில்லுங்கோ. உங்கட சென்சரில் 600 மில்லிமீற்றர் போட்டு 15 மீற்றரில் எடுத்தால் படத்தின் அகலம் 60 சென்ரிமீற்றர் வரும், அவ்வளவுதான். வீடு படத்தில் விழாது. ஆனால் அது வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவையின்ர கண்ணுக்கு லென்ஸ் பார்க்கிற திசை மட்டும்தான் தெரியும். யன்னல், உடுப்புக்கொடி, கிணறு பின்னால் இருந்தால் இரண்டு மூன்று எட்டு நகர்ந்து, மரமோ வெறும் மதிலோ பின்னால் வரப் பண்ணுங்கோ. பின்னணி துப்புரவாக இருந்தால் படமும் நல்லா வரும்.

உவர்க்காற்று

கடிதத்தை யாரும் வாசிக்கப் போவதில்லை. அடையாள அட்டை போதும். அதைவிட, அந்தப் பிரிவு கிராம உத்தியோகத்தரிடம் ஒருமுறை போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். சந்தேகம் வந்தால் சனம் முதலில் அழைப்பது அவரைத்தான்.

யாராவது மறித்தால் லென்ஸைக் கீழே இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு, நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். கேட்பதற்கு முன் கமராவின் பின்திரையில் கடைசிப் பத்துப் படங்களைத் தள்ளிக் காட்டுங்கள். இதற்காகவே நல்ல செண்பகம், மீன்கொத்திப் படங்கள் நாலைந்தை எப்போதும் கார்ட்டில் விட்டு வையுங்கள். படத்தில் ஆள் விழுந்திருந்தால் அவர் முன்னாலேயே அழியுங்கள். ஒரே படத்தை ரோ, ஜேபெக் என்று இரண்டு கோப்பாக எடுப்பவர்கள் இரண்டும் அழிந்ததா என்று பார்க்க வேண்டும். "பொது றோட்டுத்தானே" என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அதோடு அந்த ஒழுங்கை உங்களுக்கு இல்லை.

ஜமாலியாவில் முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நானா என்றும், அபயபுரப் பக்கம் சிங்களத்தில் "மம குருல்லன்கே பின்தூர கன்னவா" (நான் குருவிப் படம் எடுக்கிறேன்) என்றும் ஆரம்பித்தால் பாதிப் பதற்றம் அங்கேயே இறங்கிவிடும்.

கடற்படை, இராணுவ மதில்களுக்குப் பக்கத்தில் விளக்கம் எதுவும் எடுபடாது. டொக்யார்ட் வாசல், சீனக்குடா விமானப்படைத் தளம், பிரெட்றிக் கோட்டைக்குள்ளே முகாம் பக்கம், இவற்றில் கமரா பைக்குள் இருக்கட்டும். மதில் மேல் எந்தக் குருவி இருந்தாலும் விட்டுவிடுங்கள். படையினரின் உடுப்புப் போன்ற புள்ளித் துணியில் சட்டையோ லென்ஸ் உறையோ வேண்டாம். ஊருக்குள் ஒளிந்து நிற்பவரைப் பார்த்துத்தான் பயம் கூடும். வெளிர் நிறச் சட்டை போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நில்லுங்கள்.

ஐ.எஸ்.ஓ 3200

செட்டிங் விஷயம். ஆறுமணிக்குருவி சருகுக்குள் இரண்டு தத்துத் தத்திவிட்டு அசையாமல் நிற்கும். நிற்கிற அந்த நொடிக்கு ஷட்டர் வேகம் 1/200 செக்கன் போதும், லென்ஸ் துவாரம் எஃப் 6.3, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ 3200. தத்தும்போது அதே வேகத்தில் எடுத்தால் கலங்கும், அதனால் நிற்கும்வரை பொறுங்கோ. முழங்காலில் நின்று, லென்ஸை நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கோ. குருவியின் கண்மட்டத்துக்கு வந்தால்தான் முன்னாலும் பின்னாலும் சருகு மங்கிப்போகும். வெள்ளை நாடா வாலோடு வருகிற ஆண் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு எக்ஸ்போசரை ஒரு ஸ்டொப் (ஒளியைப் பாதியாக) குறையுங்கோ, இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர் ஒழுங்கைக்கு நல்லது, பறக்கிற குருவிக்கு மட்டும் வேண்டாம். சென்சர் வரிவரியாக வாசிப்பதால் சிறகு வளைந்து விழும். ஏசி அறையில் கமராவை வைத்தால் வெளியே வந்தவுடன் கண்ணாடி புகார் கட்டும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே விடுங்கோ. கடற்கரைக்குப் போய் வந்தால் ஈரம் பிழிந்த துணியால் லென்ஸின் உடம்பைத் துடைத்தபின்தான் உலர்ந்த துணி. உப்பு மணி கீறும்.

கொண்டைக்குருவி

மிச்சம் நன்றி. ஒரு வீட்டு விறாந்தையில் வயரில் தேன்சிட்டுக் கூடு தொங்குது. வீட்டுக்கார ஐயாவே வந்து எடுக்கச் சொல்கிறார். கிட்டப் போகலாமா?

புலுனி

போகாதேங்கோ. நீங்கள் நிற்கிற இடத்தைக் காகம் கூரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் போனபின் வந்து முட்டையைத் தூக்கும். கூட்டுக்கு எட்டு மீற்றரைவிடக் கிட்ட வராமல், ஐந்து நிமிசத்துக்கு மேல் நிற்காமல், பிளாஷ் இல்லாமல் எடுங்கோ. தாய் இரையோடு பக்கத்துக் கொப்பில் நின்று கத்தி, கூட்டுக்குப் போகாமல் இருந்தால் உடனே விலகுங்கோ. மறைக்கிற இலையை ஒதுக்கவே கூடாது, வெயிலும் காகமும் அதுக்குள்ளால்தான் வரும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்குது, கூட்டில் கை வைக்க வேண்டாம் என்று ஐயாவிடமும் சொல்லி வையுங்கோ.

குஞ்சு பறந்தபின் நல்ல படமொன்றை 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குலம்) அளவில் பிறின்ட் போட்டு அவருக்குக் கொடுங்கோ. அவர் அதைப் பக்கத்து வீடுகளுக்கும் காட்டுவார், அடுத்த படலைகளில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டி வராது. பேஸ்புக்கில் போடும்போது ஒழுங்கையின் பேர் வேண்டாம், போனில் எடுத்ததென்றால் இடக்குறிப்பையும் அழித்துப் போடுங்கோ.