பள்ளி அணியா, அகாடமியா: எங்கள் வீட்டு அனுபவம்

கால்பந்து ஆடும் பிள்ளை பள்ளி அணிக்கு ஆடுவதா, கிளப் அகாடமியில் சேர்வதா? எட்டாம் வகுப்பு முடியும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வரும். நியூ ஜெர்சியில் கிளப் டிரைஅவுட், அதாவது ஆட்டக்காரர் தேர்வு, பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும். ஹை ஸ்கூல் அணியின் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு முடிவுக்கு வர வேண்டும். எங்கள் பெரியவனுக்கு அந்த நிலை வந்தபோது பலரிடம் பேசினேன், பல வீடுகளைப் பார்த்தேன். இப்போது சின்னவளுக்கும் அந்த வயது. எடிசன் பக்கம் நிறையத் தமிழ்ப் பெற்றோர் இதையே கேட்பதால் எழுதுகிறேன்.

இரண்டு அணியிலும் ஆடினால் என்ன என்று ஊரில் இருக்கும் என் அப்பா கேட்டார். ஆட விட மாட்டார்கள், அதுதான் சிக்கல். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2007-ல் டெவலப்மென்ட் அகாடமி என்ற தேசிய லீகைத் தொடங்கியது. 2012 முதல் அதைப் பத்து மாத சீசனாக்கினார்கள். அதில் சேர்ந்த பையன், சில விதிவிலக்குகள் தவிர, பள்ளிக்கு ஆடக்கூடாது என்றார்கள். 2020 ஏப்ரலில் அந்த லீக் மூடப்பட்டது. அதே ஆண்டு, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்து லீகான எம்.எல்.எஸ். நடத்தும் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற இளையோர் லீக் வந்தது, அதன் மேல் அடுக்கிலும் இதே வழக்கம் தொடர்ந்தது. ஈ.சி.என்.எல். என்ற இன்னொரு இளையோர் கிளப் லீகில் இருப்பவர்கள் பள்ளிக்கும் ஆடலாம். எங்கள் மாநிலத்தில் பள்ளி சீசன் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அகாடமி சீசன் சூடுபிடிக்கும் நேரமும் அதுதான்.

மகனைக் கூப்பிட்ட கிளப் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்டில் ஆடும் கிளப், ஆனால் எம்.எல்.எஸ். அணி ஒன்றின் சொந்த அகாடமி இல்லை. இந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எம்.எல்.எஸ். அணிகளின் சொந்த அகாடமிகளில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அணிதான் பிள்ளைக்குச் செலவு செய்கிறது. மற்ற கிளப்புகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் நாம் கட்ட வேண்டும், விமானம், ஹோட்டல் செலவு தனி. லீக் ஒன்றுதான், ஆனால் பிள்ளைக்காக ஒரு அணி பணம் போடுவதும் நாம் போடுவதும் ஒன்றாகிவிடாது.

அந்தக் கிளப்பின் பயிற்சி இயக்குநர் எங்களை உட்காரவைத்து நேராகவே பேசினார். பள்ளி சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று மேட்ச் வரும், வளரும் உடம்பு தாங்காது, தசைக் காயம் வரும் என்றார். பள்ளி விதிப்படி ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவர் திரும்பவும் வரலாம். அதனால் ஓட்டமும் மோதலுமாகவே ஆட்டம் போய்விடுகிறது, யோசித்து ஆடும் பழக்கம் வருவதில்லை என்றார். பிறகு பள்ளி மேட்ச்கள் பலவற்றைப் பார்த்தபோது அவர் சொன்னதில் உண்மை இருப்பது தெரிந்தது. நான் ஒன்று கேட்டேன்: மகன் ஆடும் இடத்துக்கு உங்களிடம் எத்தனை பேர்? நான்கு பேர், இவன் ஐந்தாவது என்றார்.

பள்ளிக் கோச் அங்கேயே வரலாறு சொல்லிக்கொடுப்பவர். "போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் பயிற்சிக்கு வரட்டும், பிடிக்கவில்லையென்றால் போகட்டும்" என்றார்.

அந்த ஆகஸ்ட்தான் எங்களுக்கு முடிவைச் சொன்னது. பள்ளி திறப்பதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் வெயிலில் ஓடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பெரிய கட்டடத்துக்குள் முதல் நாள் நுழையும்போது என் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாற்பது பேர் இருந்தார்கள். மதியம் எந்த மேசையில் உட்காருவது என்ற கவலையே அவனுக்கு வரவில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். முதல் வருடம் ஜூனியர் அணி, அப்புறம் வார்சிட்டி என்ற பள்ளியின் முதன்மை அணி. கூடவே பள்ளி ஆட்டத்தைத் தடுக்காத ஒரு கிளப்பிலும் ஆடினான்.

அவனோடு சின்ன வயதிலிருந்து ஆடிய இன்னொரு தமிழ்ப் பையன், என் மகனைக் கூப்பிட்ட அந்தக் கிளப்பின் அகாடமியில் சேர்ந்தான். எனக்கு அவனும் பிள்ளை மாதிரிதான். வாரம் நான்கு நாள் மாலைப் பயிற்சி, காரிலேயே சாப்பாடு, காரிலேயே வீட்டுப்பாடம். முதல் வருடம் நன்றாகத்தான் போயிற்று. அவன் பந்தைத் தொடும் விதமே மாறியதைப் பார்த்து வியந்தேன். பிறகு மற்ற பையன்கள் மளமளவென்று வளர, இவன் உயரம் அப்படியே நின்றது. பெஞ்சில் உட்கார ஆரம்பித்தான். கடைசியில் அடுத்த சீசனுக்கு இடமில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. "அக்கா, அவன் சாக்கர் பேச்சையே எடுக்கறதில்ல" என்று அவன் அம்மா போனில் அழுதார். எனக்கு ஆறவே இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதை நேரில் உட்கார்ந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். பதினோராம் வகுப்பில் அந்தப் பையன் பள்ளி அணிக்கு வந்தான், கோச் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார்.

அகாடமியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பள்ளி மேட்சில் அவன் காலுக்குப் பந்து வந்தால் எதிரணி வேடிக்கை பார்க்கும். அவனுக்கு எம்.எல்.எஸ். அணியின் சொந்த அகாடமியில் கட்டணமில்லாத இடம் கிடைத்தது, போய்விட்டான். அவன் போனதுதான் சரி. டைலர் ஆடம்ஸ் நியூயார்க் மாநிலத்திலிருந்து நியூ ஜெர்சி வந்து ரெட் புல்ஸ் அகாடமியில் வளர்ந்து, 2022 உலகக் கோப்பையில் அமெரிக்க அணித் தலைவராக இருந்தார். வெஸ்டன் மெக்கெனியும் ரிக்கார்டோ பெப்பியும் எஃப்.சி. டாலஸ் அகாடமிப் பிள்ளைகள். ஆண்கள் தேசிய அணிக்கு இன்று போகும் பெரிய பாதை அதுதான்.

எங்கள் மாநிலத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அமெரிக்க அணியின் முன்னாள் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் நார்த் பிரன்ஸ்விக் ஹை ஸ்கூலில் கால்பந்தோடு கூடைப்பந்தும் ஆடியவர். பெண்கள் தேசிய அணிக்கு ஆடிய கார்லி லாய்ட் டெல்ரான் ஹை ஸ்கூல், ஹெதர் ஓ'ரைலி ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஹை ஸ்கூல். அவர்கள் காலத்தில் இந்த அகாடமி முறையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மேட் டர்னர் அகாடமிகள் வந்த பிறகு வளர்ந்தவர். 2010 உலகக் கோப்பைக்குப் பிறகுதான் கால்பந்தில் தீவிரமாக இறங்கினார், மான்ட்வேலில் செயின்ட் ஜோசப் பள்ளிக்கு ஆடினார், ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2022 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் கோலைக் காத்தார். அப்படி நடப்பது அபூர்வம்தான். அதற்காகப் பதினான்கு வயதில் எல்லாக் கதவும் மூடிவிடுகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

டெக்சாஸ் பிளானோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவள் பெண் ஈ.சி.என்.எல். அணியில் இருக்கிறாள். அங்கே பள்ளி சீசன் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கிளப் அதற்கு இடம் விடுகிறது. இலையுதிர் காலத்தில் கிளப், அப்புறம் பள்ளி. உடம்பு அலுப்பு மட்டும்தான் அவர்கள் கவலை. எங்கள் சின்னவளுக்கும் நான் தேடுவது அப்படி ஒரு கிளப்தான்.

காலேஜ் உதவித்தொகையை நம்பித்தான் பல வீடுகளில் அகாடமிக்குப் பணம் கட்டுகிறார்கள். காலேஜ் விளையாட்டின் மேல் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு 2025 வரை 9.9 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பாக இருந்தது, பெண்கள் அணிக்கு 14. இருபத்தைந்து முப்பது பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், முழுத் தொகை கிடைத்தவர் மிகச் சிலர். மகனோடு ஒரு காலேஜ் கோடைப் பயிற்சி முகாமுக்குப் போனபோது அங்கிருந்த கோச்சிடம் பேசினேன். ஆளைத் தேட அவர் கிளப் போட்டிகளுக்குத்தான் போவாராம், பள்ளி மேட்சுக்கு நேரமில்லை என்றார். ஆனால் பிடித்த பையன் கிடைத்ததும் முதலில் கூப்பிட்டுப் பேசுவது பள்ளிக் கோச்சிடமாம்: "தோற்ற அன்று அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று அவர்தான் சொல்வார்."

எம்.எல்.எஸ். அணி செலவு செய்து கூப்பிட்டு, பிள்ளையும் மனதார ஆசைப்பட்டால், அனுப்புங்கள். நாம் பணம் கட்டும் இடமென்றால், பள்ளி சீசனை விட்டுக்கொடுக்காதீர்கள். இது என் திடமான கருத்து. சேரத்தான் போகிறீர்கள் என்றால் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். அவன் ஆடும் இடத்தில் எத்தனை பேர், போன சீசனில் பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் கிடைத்தது, நடுவில் விலகினால் பணம் திரும்ப வருமா. பள்ளிக்கு ஆடும் விதி அடுக்குக்கு அடுக்கு மாறுவதால் அதை எழுத்தில் வாங்குங்கள். கோல்கீப்பர் பிள்ளையென்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள், அங்கே ஆடுவது ஒருவர்தான்.