மைத்துனர் தந்த 4 லட்சம்: டிபிடி-3 படிவத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி – பட்டறைக்காரன்
நானும் நண்பரும் இயக்குநர்களாக உள்ள சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எங்களுடையது. மார்ச் 31 நிலவரப்படி வங்கிக் கடன் 18 லட்சம், நான் போட்ட பணம் 6 லட்சம், நவம்பரில் மைத்துனர் கைமாற்றாகத் தந்த 4 லட்சம் நிலுவையில் உள்ளன. “டெபாசிட்டே வாங்கவில்லையே, டிபிடி-3 (நிறுவனங்கள் டெபாசிட் விவரங்களை ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளருக்குத் தரும் படிவம்) எதற்கு?” என்கிறார் கணக்கு எழுதுபவர். சரிதானா?

பதில் – ஏட்டுக்கணக்கு
சரியில்லை ஐயா. டெபாசிட் கணக்கில் சேராத கடன்களையும் அந்தப் படிவத்தில்தான் தெரிவிக்க வேண்டும். ஜூன் 30 கடைசி நாள். அரசு நிறுவனம், வங்கி, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனம் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. வங்கிக் கடனும் உங்கள் 6 லட்சமும் டெபாசிட் அல்லாதவை என்ற பகுதியில் வரும். ஆனால் அந்த 6 லட்சம் கடன் வாங்கித் தந்ததல்ல என்று, பணம் போட்டபோதே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா? கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

என் கவலையெல்லாம் அந்த 4 லட்சத்தைப் பற்றித்தான். மைத்துனர் உங்கள் மனைவியின் தம்பியா? மனைவி இயக்குநரா? மைத்துனர் பங்குதாரரா?

பட்டறைக்காரன்
மனைவியின் தம்பிதான். மனைவி இயக்குநர் இல்லை, மைத்துனருக்குப் பங்கும் இல்லை. மனைவியை இப்போது இயக்குநராக்கினால் சரியாகிவிடுமா?

ஏட்டுக்கணக்கு
ஆகாது. பணம் வாங்கிய நாளிலேயே மைத்துனர் இயக்குநரின் உறவினராக இருந்திருக்க வேண்டும். கம்பெனி விதிகளின் உறவினர் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர் ஆகியோர் உண்டு; மனைவியின் தம்பி இல்லை. வீட்டில் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளியார்; அவர் தந்த கைமாற்று டெபாசிட் ஆகிவிடும். வெளியாரிடம் பிரைவேட் நிறுவனம் டெபாசிட் வாங்கவே கூடாது. கம்பெனிச் சட்டத்தின் 76ஏ பிரிவின்படி குறைந்தபட்ச அபராதமே 1 கோடி அல்லது வாங்கிய தொகையின் இரு மடங்கு, எது குறைவோ அது. உங்கள் கணக்கில் 8 லட்சம். பொறுப்பான அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

நாளைக்கே வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் மார்ச் 31 அன்று இருந்த நிலுவையை மறைக்காதீர்கள். தணிக்கை செய்த கணக்கில் அது எப்படியும் தெரியும். படிவம் போடும் முன் கம்பெனி செக்ரட்டரி (கம்பெனிச் சட்ட வேலைகளுக்கான தொழில்முறை நிபுணர்) ஒருவரிடம் தாள்களைக் காட்டிவிடுங்கள்.

பதில் – தறிமேடை
ஜூன் 30-ஐத் தவறவிட வேண்டாம். முதல் 30 நாள் தாமதத்துக்கே கூடுதல் கட்டணம் வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கு. 180 நாளைத் தாண்டினால் 12 மடங்கு. வாடிக்கையாளரிடம் வாங்கிய முன்பணம் எதுவும் இருந்தால் அதையும் பாருங்கள். 365 நாளுக்குள் சரக்குக்கு ஈடாகாவிட்டால் அதுவும் டெபாசிட் ஆகிவிடும்.

பட்டறைக்காரன்
நன்றி. மைத்துனருக்குத் திருப்பித் தந்துவிட்டு, அதே தொகையை மனைவி பெயரில் கொண்டுவரலாமா?

ஏட்டுக்கணக்கு
மனைவி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து தந்தால் தடையில்லை. ஆனால் கடன் வாங்கித் தரவில்லை என்று அவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பியிடம் கைமாற்று வாங்கி நிறுவனத்தில் போட்டுவிட்டு அந்தத் தாளில் அவரைக் கையெழுத்திட வைக்காதீர்கள்.