இரண்டே பேர், நாலடிச் சுற்று வேப்பங்கட்டைகள்: எந்தக் கைக்கருவி வாங்கலாம்?

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
வணக்கம். காற்றில் பெரிய வேம்பு ஒன்று சாய்ந்துவிட்டது. மில்லுக்கு ஏற்ற மாதிரி 8 அடித் துண்டுகளாக அறுத்துப் போட்டிருக்கிறோம். அடிமரம் சுற்றளவு 4 அடி, நுனித் துண்டுகள் 2 அடி. சுற்றிலும் சொட்டுநீர் போட்ட முருங்கை, வரிசைக்கு வரிசை 8 அடிதான். ஜேசிபி இறங்க வழியில்லை. டிரெய்லர் நிற்கிற பாதை 150 அடி தள்ளி. நானும் தம்பியும் மட்டும்தான். கொக்கி வைத்த நெம்புகோல் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். சின்னத் துண்டுகளை நன்றாகப் புரட்டுகிறது, அடிமரத்தில் வழுக்குகிறது. தூக்கும் இடுக்கி வாங்கினால் சரியாகுமா?

மரவாடி_பழனி:
முதலில் எடையைப் பாருங்க தம்பி. வாடியில் சுற்றளவை நாலாக மடித்து அளப்போம், அந்தக் கணக்கில் உங்க அடிமரம் 8 கன அடி. அது வியாபாரக் கணக்கு. உண்மையில் 10 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். பச்சை மரம் கன அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ என்று வைத்தால் 285 கிலோ. இடுக்கி போட்டு இரண்டு பேர் தூக்குகிற எடையே இல்லை. நுனித் துண்டு 70 கிலோ சொச்சம், அதற்கு ஆளுக்கொரு பிடியுள்ள இடுக்கி நல்லது. தூக்கத் தூக்க இறுக்கிப் பிடிக்கும், குனிகிற வேலை குறையும்.

கொல்லுப்பட்டறை:
வழுக்குவதற்கு இரண்டு காரணம் இருக்கும். 4 அடிச் சுற்று என்றால் குறுக்களவு 15 அங்குலம். கொக்கி அந்த அளவுக்கு வாய் திறக்கிறதா பாருங்க. திறக்கவில்லை என்றால் முனை மரத்தில் இறங்காது, மேலே உரசிக்கொண்டே போகும். இன்னொன்று பட்டை. பச்சை வேம்பில் பட்டை கழன்று வரும். கொக்கி அதைத்தான் கவ்வுகிறது, கட்டையை இல்லை. கொக்கி படுகிற இடத்தில் கையகலம் பட்டையைச் சீவிவிட்டுப் போட்டுப் பாருங்க. முனை மழுங்கியிருந்தால் அரத்தால் தீட்டுங்க. கிரைண்டரில் சிவக்கச் சிவக்கத் தேய்த்தால் இரும்பின் உறுதி போய்விடும். வாய் சின்னது என்றால் கொக்கியை மட்டும் லாரி ஸ்பிரிங் பட்டையில் பெரிதாக அடித்து மாட்டிக்கொள்ளலாம், புதுக் கருவி வேண்டாம்.

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
நன்றிங்க அண்ணா. வாய் சின்னதுதான், அடித்துக்கொள்கிறேன். ஆனால் 8 அடிக் கட்டையைக் குறுக்கே உருட்டிப் போக வரிசையில் இடம் இல்லையே? டிரெய்லரில் ஏற்றுவது எப்படி?

மரவாடி_பழனி:
குறுக்கே உருட்டாதீங்க, நீளவாக்கில் தள்ளுங்க. கீழே இரண்டு பலகை, அதன் மேல் 2 அங்குல ஜிஐ பைப் மூன்று துண்டு. பலகை இல்லாவிட்டால் உழுத மண்ணில் பைப் புதைந்துவிடும். ஒரு முனையைத் தூக்க 5 அடிக் கடப்பாரை போதும். கடப்பாரை நுனியிலிருந்து அரை அடியில் முட்டுக்கல் வைத்து அழுத்தினால் 16 கிலோ பலத்தில் முனை எழும்பிவிடும். எழும்பினதும் அடியில் கட்டை வையுங்க, கையை உள்ளே விடவே கூடாது. பின்னால் கழன்ற பைப்பை முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். கொக்கிக் கோல் திசை திருப்ப உதவும்.

ஏற்றுவதற்கு வடக்கயிறு இரண்டு. டிரெய்லர் தட்டு 3 அடி உயரம் என்றால் 6 அடி நீளத்தில் தடியான சாய்வுக் கட்டை இரண்டு சாத்துங்க. கயிற்றின் ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, ஏற்றுகிற மரத்துக்கு அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து தட்டில் நின்று இழுங்க. மரமே கப்பி மாதிரி உருண்டு ஏறும். சாய்வில் பாதி எடை, கயிற்றில் அதிலும் பாதி, ஆக ஆளுக்கு 36 கிலோ. உரசலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்க. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இழுக்கணும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். ஆப்பு போட மூன்றாவது ஆள் ஒருவரை அன்றைக்கு மட்டும் கூப்பிடுங்க. அவர் பக்கவாட்டில் நிற்கட்டும், கட்டைக்குக் கீழ்ப்பக்கம் யாரும் வேண்டாம்.

கொல்லுப்பட்டறை:
கடப்பாரை, பைப், வடம் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். பணம் போடுவதானால் இடுக்கிக்குப் போடுங்க, நுனித் துண்டுகள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
சரிங்க. பக்கத்துத் தோட்டத்து மாமாவை ஆப்பு போடக் கூப்பிட்டாச்சு.