ஸ்டோயிக் மரபை உருவாக்கியவர் ஜீனோவா, கிரிசிப்பஸா?

சுவடியகம்:
ரோமப் பேரரசரும் ஸ்டோயிக் சிந்தனையாளருமான மார்க்கஸ் அரேலியஸைப் படித்துவிட்டு, அறம் ஒன்றே உண்மையான நன்மை என்ற ஸ்டோயிக் தத்துவத்தின் மூலவர் சிட்டியம் நகரத்து ஜீனோ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் அவர் கற்பிக்கத் தொடங்கினார் என்பது உண்மையே. ஆனால் அவருடைய மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். கியோஸ் தீவின் அரிஸ்டோ, தர்க்கமும் இயற்கையியலும் வேண்டாம், அறவியல் மட்டும் போதும் என்று தனிவழி போனார். கார்த்தேஜைச் சேர்ந்த ஹெரில்லஸ், அறிவே வாழ்வின் இலக்கு என்றார். ஹெராக்ளியாவின் டயோனீசியஸோ நோயின் வேதனை தாளாமல், வலி தீமையன்று என்ற கொள்கையையே கைவிட்டு, இன்பமே இலக்கு என்போரின் பக்கம் சேர்ந்தார். இப்படிச் சிதறவிருந்தவர்களை ஒரு மரபாக நிலைநிறுத்தியவர் அப்பள்ளியின் மூன்றாம் தலைவரான கிரிசிப்பஸ். அவர் இல்லையேல் ஸ்டோயிக் பள்ளியே இல்லை என்ற பழங்காலக் கூற்றை, தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜீனஸ் லாயர்ஷியஸ் பதிந்து வைத்திருக்கிறார்.

கரைமேடு:
மாணவர்கள் முரண்பட்டதாலேயே ஆசிரியரிடம் கட்டமைப்பு இல்லை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? அரிஸ்டோ எதை மறுத்தார் என்று சற்று நின்று யோசியுங்கள். தத்துவத்தைத் தர்க்கம், இயற்கையியல், அறவியல் என மூன்றாகப் பகுத்தவர் ஜீனோ. உடல்நலம், செல்வம் போன்றவை நன்மையும் அல்ல, தீமையும் அல்ல, ஆயினும் அவற்றுள் விரும்பித் தேர்வதற்கு உரியவை உண்டு என்று நுட்பமாக வகுத்தவரும் அவரே. அரிஸ்டோ இடிக்க முயன்றது இந்தக் கட்டடத்தைத்தான். இல்லாததை யாரும் இடிக்க முடியாது. அறிதல் பற்றிய ஜீனோவின் விளக்கத்தை ரோம எழுத்தாளர் சிசரோ குறித்திருக்கிறார். விரித்த உள்ளங்கையைக் காட்டி இது புலன்பதிவு என்பார். விரல்களைச் சற்று மடக்கி இது இசைவு என்பார். கையை முழுவதும் மூடி இது பற்றியறிதல் என்பார். அந்த முட்டியை மற்றொரு கையால் இறுகப் பற்றி, இதுவே ஞானிக்கு மட்டும் உரிய அறிவு என்பார். கோட்பாடு ஏதும் இல்லாத ஒருவர் இப்படிப் பாடம் நடத்தியிருக்க முடியாது.

பின்வாசல்:
இருவரும் இரண்டாம் தலைவரைத் தாண்டிக் குதிப்பது வேடிக்கையாக இருக்கிறது. குத்துச்சண்டை வீரராக இருந்து, இரவில் தோட்டங்களுக்கு நீர் இறைத்துப் பிழைத்து, பகலில் பாடம் கேட்ட கிளியாந்தஸ் கிரேக்கக் கடவுள் சீயஸைப் போற்றி எழுதிய துதிப்பாடல் இன்றும் நம் கையில் இருக்கிறது. நீங்கள் வாதாடும் இருவரின் முழுநூல் ஒன்றுகூட எஞ்சவில்லை.

சுவடியகம்:
கிளியாந்தஸின் பக்தியை மதிக்கிறேன். எனினும் பள்ளியைக் காத்தது பக்தியன்று. கரைமேடு காட்டும் அந்தக் கைச்சைகையைத் தாக்கியவர் ஜீனோவின் சமகாலத்தவரும், பிளேட்டோ நிறுவிய அகாடமியைச் சேர்ந்த சந்தேகவாதியுமான ஆர்சிசிலாஸ். மெய்யான பதிவிலிருந்து வேறுபடுத்தவே முடியாத பொய்ப்பதிவும் இருக்கக்கூடும் என்று அவர் கேட்டபோது, பொய்யானதிலிருந்து தோன்றவே இயலாத பதிவுதான் பற்றியறிதலுக்கு அடிப்படை என்று ஜீனோ ஒரு நிபந்தனையைக் கூட்டினார். அத்தகைய பதிவே இல்லை என்பதுதான் ஆர்சிசிலாஸின் அடுத்த வாதம். அந்தச் சந்தேகவாதத்தை நூல் நூலாக எதிர்த்து நின்றவர் கிரிசிப்பஸ். அடுத்த நூற்றாண்டில் அகாடமியின் தலைவர் கார்னியடீஸ், கிரிசிப்பஸ் இல்லையேல் நானும் இல்லை என்று அந்தப் பழைய கூற்றைத் தமக்கேற்பத் திருப்பிச் சொன்னார். எதிரி யாரை மனத்தில் வைத்து ஆயுதம் தீட்டுகிறார் என்பதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? வாக்கியங்களை அலகாகக் கொண்ட கிரிசிப்பஸின் தர்க்கத்தை இருபதாம் நூற்றாண்டில் லூக்காசியேவிச் போன்ற தர்க்கவியலாளர்கள் புதிதாக மதிப்பிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரைமேடு:
தர்க்கத்தில் அவருடைய பெருமையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் உங்கள் அளவுகோலை அவருடைய நூல்களையே பாடமாக வைத்திருந்த பிற்கால ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டீட்டஸிடம் வைத்துப் பாருங்கள். கிரிசிப்பஸை விளக்கத் தெரிந்ததற்காகப் பெருமைப்படும் மாணவனை அவர் கடிந்துகொள்கிறார். இறைவன் சாக்ரடீஸுக்குக் குறுக்கு விசாரணையையும், சினிக் தத்துவவாதி டயோஜீனஸுக்கு அரசத் தோரணையுடன் கண்டிக்கும் பணியையும், ஜீனோவுக்குக் கற்பித்துக் கொள்கை வகுக்கும் பணியையும் அளித்தார் என்பது அவருடைய பகுப்பு. கொள்கை வகுத்தவர் என்ற இடத்தில் அவர் கிரிசிப்பஸை நிறுத்தவில்லை.

சுவடியகம்:
அந்தப் பகுப்பு முன்மாதிரிகளின் வரிசை. நூலாசிரியர்களின் வரிசை அன்று. எபிக்டீட்டஸின் வகுப்பில் மாணவன் எந்த நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமைப்பட்டான் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அது ஜீனோவின் நூலாக இருந்திருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்கவே மாட்டேன்.