பனி விழ முன்: கராஜுக்குப் பின்னால் இருக்கும் ஏழு பூனைகளை யாரிடம் கொடுப்பது?

மோணிங்சைட் அக்கா:
கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கராஜுக்குப் பின்னால் ஏழு பூனைகள். ஒரு தாய், 6 கிழமைக் குட்டிகள் நாலு, மடியில் ஏறிப் படுக்கும் மஞ்சள் கடுவன் ஒன்று, கிட்டப் போனாலே சீறும் கறுப்புப் பெட்டை ஒன்று. ஒக்டோபர் பாதி போய்விட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவோம், நாள் இல்லை என்கிறார் இவர். ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வன்னித்தம்பி:
அத்தான் சொல்வதுதான் சரி அக்கா. ஜனவரியில் மைனஸ் 20 வரும். போன வருடம் எங்கள் பில்டிங்கின் குப்பைத் தொட்டியடியில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. தூக்கினேன், பலகை மாதிரி இருந்தது. எந்த வீடென்றாலும் அதைவிட மேல். கேள்வி கேட்டுக் கேட்டு வருகிறவர்களைத் துரத்தாதீர்கள்.

மூன்றுபூனைக்காரி:
அந்தக் குட்டியை நினைக்க எனக்கும் நெஞ்சு கனக்கிறது தம்பி. ஆனால் "எந்த வீடென்றாலும்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அவசரப்பட்டுத்தான் ஒரு பெட்டைக்குட்டியைக் கொடுத்தேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று கேட்டார்கள். கருத்தடை செய்யவில்லை. மார்ச் மாதம் அதே பூனையை இரண்டு தெரு தள்ளிக் கண்டேன். குட்டித்தாச்சி. நான் கட்டிவிட்ட நீலப் பட்டி கழுத்தில் இறுகி, சுற்றிவர மயிர் உதிர்ந்திருந்தது. நாலைந்து மாதத்திலேயே பூனை சினைப்படும், இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்தேன் என்று நினைத்திருந்தேன், அது குட்டிகளோடு தெருவுக்கே வந்துவிட்டது.
வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா, டிசம்பரில் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், இந்த இரண்டையுமாவது கேளுங்கள். பிடிக்காதவர்கள் அப்போதே விலகிவிடுவார்கள்.

பின்வளவுத் தோட்டம்:
குருவிகளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. என் வளவில் ஒரு சோடி கார்டினல் கூடு கட்டியிருந்தது. இந்த வருடம் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. வேலியடியில் சிவப்பு இறகு மட்டும் கிடந்தது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. சீறுகிற பெட்டையையும் பிடித்துக் காப்பகத்தில் கொடுங்கள். திரும்ப வெளியே விடுவது நியாயமில்லை.

மூன்றுபூனைக்காரி:
அண்ணை, உங்கள் கவலை உண்மையானது. கருத்தடை வேண்டும் என்று நான் நிற்பதும் அதற்காகத்தான். ஆனால் மனிதரோடு பழகாமல் வளர்ந்த பெரிய பூனையைக் கூண்டில் அடைத்தால் மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும், அதை யாரும் தத்தெடுக்கவும் வரமாட்டார்கள். பிடித்து, கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டி, அதே இடத்தில் விடுவதுதான் அதற்கு வழி. குளிரில் செய்தால் வயிற்று மயிர் வழித்திருக்கும், சில நாள் உள்ளே வைத்திருந்து பிறகு வெளியே விடுங்கள்.
அக்கா, பனியைவிட அவசரம் வேறு ஒன்று இருக்கிறது. குட்டி மனிதக் கைக்கு நன்றாகப் பழகும் காலம் இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரைதான். உங்களுடையவை ஆறு கிழமை. தாயோடு சேர்த்து இந்தக் கிழமையே உள்ளே எடுங்கள், எட்டுக் கிழமை முடிந்த பிறகு ஆள் பாருங்கள்.

வன்னித்தம்பி:
குட்டிகள் விஷயம் சரி, எனக்குத் தெரியாது. ஆனால் மஞ்சள் கடுவனையும் காத்திருக்க வைக்கலாமா? மடியில் ஏறுகிற பூனை அது. இன்றைக்கே கொடுக்கலாம்.

மோணிங்சைட் அக்கா:
மடியில் ஏறுகிறதென்றால் யாரோ தொலைத்த பூனையாகவும் இருக்கலாம் தம்பி. நாளைக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் சிப் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.
தாயும் குட்டிகளும் இப்போது பேஸ்மன்ட் குளியலறையில். தாய் சிங்குக்குக் கீழே இருந்து உறுமுகிறாள். ஒரு குட்டி மட்டும் வந்து என் விரலில் இருந்த மீனை நக்கியது. நாக்கு உப்புத்தாள் மாதிரி.
கறுப்பி வெளியே குளிருக்கு ஒதுங்க இவர் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி வெட்டுகிறார்.

மூன்றுபூனைக்காரி:
வாசல் 6 அங்குலம் போதும். பெரிதாக வெட்டினால் சூடு நிற்காது. நிலத்தில் படாமல் இரண்டு பலகை மேல் வையுங்கள். உள்ளே போர்வை வேண்டாம், ஈரம் இழுத்து உறைந்துவிடும். வைக்கோல் போடுங்கள், உலர்புல் அல்ல.

பின்வளவுத் தோட்டம்:
வெளியே விடுவதை நான் இன்னும் ஏற்கவில்லை. பெட்டியை என் வேலியில் இருந்து தள்ளி வையுங்கள், தங்கச்சி. கருத்தடைக்குக் காசு குறைந்தால் சொல்லுங்கள், நான் தருகிறேன்.